நீக்கிலாப்பிள்ளையின் ஐம்பது மீன்கள்

செவுளுக்குள் பெருவிரலை விட்டு மீனை மூக்கருகே தூக்குகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் அரைக் கிலோ கேட்டுவிட்டு, தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையை ஆட்டியபடி நிற்கிறாள். நிற்கட்டும். இன்றைக்குப் பெட்டியில் அறியாத முகம் ஒன்று வந்திருக்கிறது. கியூபெக்கின் ஜான்-டலோன் சந்தையை ஒட்டிய ஒரு கடையில் பத்தொன்பது வருடமாக மீன் வெட்டும் நீக்கிலாப்பிள்ளை, அறியாத முகத்தைக் கண்டுவிட்டால் முதலாளி கூப்பிட்டாலும் அசையமாட்டார்.

“இவன் கலவாய்ச் சாதி இல்லை,” என்கிறார், கண்ணைத் திறக்காமலே. “ஆனா கலவாய் வீட்டில பொம்பிளை எடுத்தவன்.”

பிறகுதான் அம்மாளிடம் ஒரு ‘பர்தோன்’ சொல்லிக் கத்தியை எடுக்கிறார்.

பிறந்தது மன்னார் பேசாலையில். வயது அறுபத்திரண்டு. நான்கு வருடமாக நியூஃபவுண்ட்லாந்து தீவைச் சுற்றியுள்ள கடலில் என்னென்ன மீன் உண்டென்று பட்டியல் எழுதி வருகிறார். அந்தத் தீவில் அவர் கால் வைத்ததில்லை. ஒருமுறையாவது போய்ப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். “நான் ஏன் தம்பி போகவேணும்? அவையள்தானே கிழமைக்கு ரெண்டு தரம் ஐஸ் போட்டு இஞ்ச வருகினம்,” என்றார். இதையெல்லாம் விஞ்ஞானிகள் எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள் என்று கைபேசியில் தேடிக் காட்டினேன். இரண்டு படம் பார்த்தார். “இவையள் ஒருத்தரும் சாப்பிட்டுப் பாக்கேல்லை,” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவருடைய விதி அதுதான். மீன் அந்தத் தீவிலிருந்து வந்திருக்க வேண்டும். தலையோடு வந்திருக்க வேண்டும். பியர்பொன்ட்ஸில் உள்ள அவர் வீட்டில் மனைவி அக்னெஸ் அதைச் சமைத்து, அவர் சாப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் எந்த மீனுக்கும் எண் கிடையாது.

நீல அட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பியில் பட்டியல் இருக்கிறது. முதல் எண் மொறூவுக்கு. இந்த ஊரில் அதிகம் விற்கும் வெள்ளை மீன். ‘குணம் சாது. குழம்பில் உடையும். சொதிக்கு உத்தமம்’ என்று எழுதியிருக்கிறார். நான்காம் எண் மாக்ரோ. ‘நம் கும்பளாவின் கூடப்பிறந்தவன், முகத்தைப் பார்த்தாலே தெரியும், மறுக்க இயலாது.’ ஒன்பதாம் எண், கதவுப் பலகை அகலத்துக்கு வளரும் ஒரு தட்டை மீன். ‘இரண்டு கண்ணும் ஒரே பக்கம். ஆகவே நம்பக்கூடாது. ஆனால் பொரித்தால் மன்னிக்கலாம்.’ மீன்கள் எல்லாம் நான்கே இனம்: குழம்பு, சொதி, பொரியல், பூனைக்கு. ஒரு மீன் எந்த இனம் என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பவங்களும் உண்டு.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் என் மூக்கு. சென்னையிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பியர்பொன்ட்ஸில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். கொரோனாவில் போன வாசனை எனக்கு இன்றுவரை திரும்பவில்லை. மாலை பஸ்ஸில் அத்தனை பேர் நெரிந்து நிற்க, ஒரு மனிதர் பக்கத்து இருக்கை மட்டும் தினமும் காலியாக இருப்பதைக் கண்டு, என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவர் என்னை உற்றுப் பார்த்து, “தம்பிக்குத் தடிமனோ, மூக்கு அடைச்சிருக்கோ?” என்று கேட்டார். பெயரையும் விஷயத்தையும் சொன்னேன். “கடவுள் உம்மை எனக்கெண்டே அனுப்பினவர், பிரவின்,” என்று கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தார். அன்றிலிருந்து அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் ஊழியம் எனக்கு. கொப்பியில் எழுதும் உரிமை மட்டும் கிடையாது. ஒருமுறை ஒரு எழுத்துப் பிழையைப் பேனாவால் திருத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

அவருடைய பிரெஞ்சு முழுக்க மீனால் ஆனது. குடியேறியவர்களுக்கான வகுப்பில் வாய்மொழித் தேர்வு நடந்தபோது, வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஆசிரியை கேட்டாராம். இவர் பதினொரு மீன்களின் பெயரைப் பிரெஞ்சில் சொல்லி, கடைசியில் ‘மேர்சி’ என்று முடித்தார். ஆசிரியை பாஸ் போட்டுவிட்டு, வெளியே வந்து எது நன்றாக இருக்கும் என்று தனியாகக் கேட்டுக்கொண்டாராம். தீவிலிருந்து லொறி ஓட்டிவரும் கியூபெக்காரரிடமும் அவருக்கு இரண்டே சொல்தான். “ஓத்ர் புவாசோன்?” வேறு மீன் இருக்கிறதா என்று அர்த்தம். வலையில் தவறிச் சிக்கும், யாரும் வாங்காத விசித்திரங்களை அந்த மனிதர் ஒரு பையில் போட்டு இவருக்கென்று கொண்டுவருவார். பதிலுக்கு அக்னெஸ் செய்த மீன் ரோல்ஸ் ஒரு பெட்டி போகும். எந்தத் தரப்புக்கு லாபம் என்று கேட்டால், ரோல்ஸைச் சாப்பிட்டவன் என்ற முறையில், லொறிக்காரருக்குத்தான் என்பேன்.

இந்த வருடம் விவகாரம் முற்றியது. ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவுக்கு அவர்கள் பங்குக் கோயிலில் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். மலர்க் குழுவின் தலைவர் ஜெனாட். நாற்பத்தைந்து வயது, எதையும் முன்கூட்டியே முடித்துவிட்டு மற்றவர்களை விரட்டும் மனிதர். “அண்ணை, அம்பது எண்டு முழுசாத் தாங்கோ. ரெண்டு பக்கம் உங்களுக்கு, படத்தோட,” என்று சொன்னார். அப்போது நாற்பத்தாறுதான் ஆகியிருந்தது. நீக்கிலாப்பிள்ளை யோசிக்காமல் “ஓம்” என்றார். ஜெனாட்டும் யோசிக்காமல் அட்டையை அச்சடித்துவிட்டார். அதில் அந்தோனியார் படத்துக்குக் கீழே, ‘உள்ளே: குளிர்த்தீவின் ஐம்பது மீன்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அந்த இரண்டு பக்கம் அவருக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். இந்த நகரத்தில் இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்ட கேள்வி, செதில் எடுத்துத் தருவீர்களா என்பது ஒன்றுதான். பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் டாக்குத்தர்மாரும் எஞ்சினியர்மாரும் கதைத்துக்கொண்டிருக்க, இவர் சற்றுத் தள்ளி நின்று கோட்டு முனையை முகர்ந்து பார்த்துக்கொள்வார், மணம் வருகிறதோ என்று. அப்படிப்பட்டவர் ஒரு மாதமாகப் பஸ்ஸில் என்னிடம், “பேர் போடேக்க ‘திரு’ போடுவினமோ, ‘ஜனாப்’ மாதிரி வேற ஏதும் போடுவினமோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜனாப் முஸ்லிம்களுக்கு என்று சொன்னேன். “அது தெரியும். ஒரு மரியாதைக்குக் கேட்டனான்,” என்றார்.

நாற்பத்தேழு வந்தது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் லொறிக்காரர் கூடுதலாக ஒரு பெட்டி ரோல்ஸ் கறந்தார். ஐம்பதாவது, மலர் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் வந்தது. தலை முழுக்க முள், வாய் காது வரைக்கும். லொறிக்காரரே கையுறை போட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார். நீக்கிலாப்பிள்ளை அதற்கு அங்கேயே ‘முள்முடியன்’ என்று பெயர் வைத்துவிட்டு, எனக்குப் போன் செய்து, “தம்பி, பின்னேரம் வீட்டை வாரும், அம்பதாவதைச் சாப்பிடுவம்,” என்றார்.

ஆறு மணிக்குப் போனேன். அக்னெஸ் ஆன்ட்டி சமையலறைத் தொட்டியில் மீன் துப்பரவு செய்துகொண்டிருந்தார். ஒன்று சொல்ல வேண்டும்: கடையில் நாள் முழுக்க மீன் வெட்டுகிற நீக்கிலாப்பிள்ளை வீட்டில் கத்தியைத் தொடுவதில்லை. “டாக்குத்தர் வீட்டை வந்தும் ஊசி போடுறவரோ?” என்பார். தலையைப் பார்த்துப் பெயர் வைப்பதும், தட்டில் வந்ததும் தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலை. இடையில் நடப்பது ஆன்ட்டியின் வேலை. முள்முடியன் கொதித்துக்கொண்டிருந்தான். லொறிக்காரரின் பையில் கூடவே வந்த பழைய கூட்டாளிகள் நாலைந்து பேர் தொட்டியில் கிடந்தார்கள்: கொப்பியில் முப்பத்தோராம் எண்ணான சிவத்தக் குண்டனும், நாற்பத்துநான்காம் எண்ணான பச்சைக் குண்டனும். இரண்டும் பந்து மாதிரி உருண்டை, உடம்பெல்லாம் மொட்டு மொட்டாக இருக்கும். சிவப்பு சின்னது, பொரியல் இனம். பச்சை பெரியது, சதை கஞ்சி போல இருப்பதால் பூனைக்கு.

நான் மடிக்கணினியைத் திறந்து கடைசிச் சரிபார்ப்பு செய்துகொண்டிருந்தேன். தேதி வாரியாக அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. பேச்சுக்குத்தான் சொன்னேன். “அங்கிள், இந்த முப்பத்தொண்ணும் நாப்பத்துநாலும் எப்பவும் ஒண்ணாத்தான் வருது பாருங்க. மே, ஜூன் விட்டா ரெண்டும் கிடையாது.”

“புருசன் பெண்சாதி தனித்தனியவோ வருவினம்?” என்றார் ஆன்ட்டி, தொட்டியை விட்டுத் திரும்பாமல்.

நீக்கிலாப்பிள்ளை எழுந்து தொட்டியருகே போனார். ஆன்ட்டி ஒரு பச்சையைக் கீறிக் காட்டினார். வயிறு நிறைய முட்டை. சிவப்பைக் கீறினார், முட்டை இல்லை, ஆண் மீனுக்குரிய வெள்ளைப் பால். இன்னொரு பச்சை, இன்னொரு சிவப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரே மீன், அவர் அதைக் கணவனுக்கு ஒரு எண், மனைவிக்கு ஒரு எண் என்று கொடுத்து, ஒருவரைப் பொரித்து, மற்றவரைப் பூனைக்குப் போட்டு வந்திருக்கிறார்.

“உமக்கு எப்ப தெரியும்?”

“போன வரியம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் குழம்போ பொரியலோ எண்டுதானே கேட்டனீங்கள்.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஐம்பதாவது மீன் அடுப்பில் இருக்க, ஐம்பது என்ற எண் கைவிட்டுப் போய்விட்ட மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “விடுங்க அங்கிள், யாருக்குத் தெரியப் போவுது?” என்றேன். உண்மையாகவே அவர் விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் ஜெனாட்டுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

ஜெனாட், “அண்ணை, இருவரும் ஒரே உடல் எண்டு வேதத்தில கிடக்குத்தான். ஆனா பூசைக்கு வாற சனத்தை எண்ணேக்க புருசன் பெண்சாதியை ரெண்டெண்டுதானே எண்ணுறம்? அம்பதெண்டே விடுங்கோ,” என்றார்.

நான் கை தட்டாத குறை. இதைவிட நல்ல வழக்கறிஞர் இந்த நகரத்தில் கிடைக்கமாட்டார்.

“அப்பிடி விடேலாது, ஜெனாட். மீன் நாப்பத்தொம்பதுதான்.”

“அட்டையில அம்பதெண்டு அடிச்சாச்சு அண்ணை! முந்நூறு பிரதி! அரைகுறையா நாப்பத்தொம்பதெண்டு போட்டால் சனம் சிரிக்கும். பட்டியலை எடுத்துப்போட்டு, அட்டையில அந்த வரியையே மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டி, அந்த ரெண்டு பக்கத்தையும் காப்புறுதி விளம்பரத்துக்குத்தான் குடுக்கவேணும். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

நீக்கிலாப்பிள்ளை யோசித்தார். கொப்பியின் நீல அட்டையை உள்ளங்கையால் ஒருதரம் தடவினார்.

“விளம்பரத்துக்கே குடும்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆன்ட்டி அடுப்பை அணைத்தார். யாரும் முள்முடியனைக் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்து வைக்கும்போது, கணவர் முகத்தைப் பார்க்காமல், “நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்,” என்றார்.

“அக்னெஸ்,” என்றார் அவர். “இது ஒண்டுதானோ? வேறை பிழையும் இருக்கோ?”

ஆன்ட்டி குழாயைத் திறந்து கையை ஒருமுறை கழுவினார். பிறகு சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார்.

நீக்கிலாப்பிள்ளை கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கொப்பியை முதலாம் பக்கத்துக்குப் புரட்டி மனைவி பக்கமாகத் திருப்பி வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, பேனாவை அந்த ஈரக் கையில் கொடுத்தார்.