ஒண்ணாந்தேதி வரைக்கும் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது

என்னைய மில்லுல டைம் ஆபீஸ் கிளார்க்கா உக்கார வச்சதுக்குக் காரணம் என் கையெழுத்து. அங்கேருந்து கெளப்பி பஞ்சுப் பொதி அடுக்குற கிட்டங்கிக்கு அனுப்புனதுக்குக் காரணமும் அதே கையெழுத்துதான். நடுவுல பதினோரு வருசம். அந்தப் பதினோரு வருசத்துல நான் செஞ்ச உருப்படியான காரியம் ஒரே ஒரு பக்கம் எழுதுனதுதான். அதப் பத்தித்தான் சொல்ல வாரேன்.

இப்ப சர்க்காரே சட்டம் போட்டுட்டாக, தொழிலாளிக்குச் சீக்கு வந்தா வைத்தியம், லீவு எல்லாம் கிடைக்கப் போகுதுன்னு பேச்சு. புதுசா வேலைக்கு வந்த பிள்ளைக கிட்டங்கி வாசல்ல நின்னு, "அண்ணே, அது எப்பண்ணே அமலுக்கு வருது?"ன்னு கேக்குதுக. அந்தக் கேள்வியக் கேட்டாலே நான் பஞ்சுப் பொதிக்குப் பின்னாடி போயி நின்னுக்குவேன். ஏன்னு கேளுங்க.

1. முகமா, டோக்கனா

வேலைக்குச் சேந்த மொத நாளு. டைம் ஆபீஸ்னா பெரிசா நினைக்காதீங்க. மில் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு உள்ள நான், வெளிய ஆணி அடிச்ச பலகை. ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. காலைல சங்கு ஊதுறதுக்குள்ள அவுக டோக்கன அவுக ஆணியில மாட்டிட்டு உள்ள போகணும். நான் பலகையப் பாத்து ரிஜிஸ்தர்ல எழுதணும். ஆள் இருந்தா பி, வராட்டி ஏ. அம்புட்டுத்தான் உத்தியோகம். இதுக்கு எங்க வீட்டுல பசுமலை வரைக்கும் போயி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாக.

அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம். ரீலிங் டிபார்ட்மென்டுல, அதாவது நூலக் கத்தை கத்தையாச் சிட்டம் சுத்துற எடத்துல, எல்லாம் பொம்பளையாளுக. காலைல ஒரு டோக்கன்ல வந்த அம்மாவுக்கு நாப்பது வயசு. மத்தியானம் அதே டோக்கன எடுத்துட்டுப் போன பொண்ணுக்கு இருவது. ஓடிப் போயி மானேஜர்கிட்டச் சொன்னேன்.

"சார், ஒரே டோக்கன்ல வேற வேற முகம் வருது சார்!"

மானேஜர் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "முகமாய்யா நூல் சுத்துது? டோக்கன் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"மிஷின் ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்ப பி போட்டுட்டுப் போ. பெரிய சி.ஐ.டி."

அப்புறம்தான் மில்லு வழக்கம் வெளங்குச்சு. அக்காளுக்கு முடியலன்னா தங்கச்சி வரும், மாமியாருக்கு முடியலன்னா மருமக வரும். எட்டு நாள் சேந்தாப்ல ஏ விழுந்தா பேர அடிச்சிருவாக, வேலை போயிரும். அதனால டோக்கனு மட்டும் ஒரு நாள் விடாம வந்துரும். மானேஜருக்கு மிஷின் நிக்கக்கூடாது, அவுகளுக்குப் பேரு போகக்கூடாது. ரெண்டு பக்கமும் சௌகரியம். நானும் முகத்தப் பாக்குறத விட்டுட்டு ஆணியப் பாக்கப் பழகிக்கிட்டேன்.

2. என் திருவாய்

உலக யுத்தம் முடிஞ்ச மறு வருசம். திடீர்னு ஒரு நோட்டீசு ஒட்டச் சொல்லிக் கொடுத்தாக. மில்லுல சீக்குத் திட்டம் ஒண்ணு வருதாம். உடம்பு முடியாமப் போனா கம்பெனி சீட்டோட பெரிய ஆஸ்பத்திரில கட்டிலு, மருந்து எல்லாம் உண்டு. அதவிடப் பெருசு, ஆஸ்பத்திரில இருக்கிற வரைக்கும் பேர அடிக்க மாட்டாக. வர்ற ஒண்ணாந்தேதி அமலுக்கு வருது. அதுக்குக் கீழ ரெண்டு வரி பொடி எழுத்துல: ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி வந்த சீக்குக்குச் செல்லாது. முந்துன மாசம் பேரு விடாம ரிஜிஸ்தர்ல இருக்கணும்.

ஜன்னல் முன்னாடி பொம்பளையாளுக கூடிட்டாக. எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் அங்க. சமயநல்லூர்லருந்து வார பேச்சி கேட்டா. "என்னண்ணே எழுதியிருக்கு? நமக்குப் புரியுறாப்ல சொல்லுங்க."

கூட்டத்தப் பாத்தா எனக்கு வாய் நமநமங்கும். ரிஜிஸ்தரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கோயில்ல பஞ்சாங்கம் வாசிக்கிறவரு மாதிரி சொன்னேன். "சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னன்னா, ஒண்ணாந்தேதி வரைக்கும் ஒருத்தருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. மீறி வந்தா வாசல்ல உக்கார வைங்க. ஒண்ணாந்தேதி சங்கு ஊதுனதும் உள்ள கூப்பிட்டுக்கலாம்."

எல்லாரும் சிரிச்சாக. பேச்சியும் சிரிச்சா. எனக்கு ஒரே பெருமை. வீட்டுல போயி திரும்பச் சொல்லிக் காட்டுனேன். எம் பொண்டாட்டி சிரிக்கல. அவளுக்கு எப்பவும் என்னைய விடப் புத்தி ஜாஸ்தி.

ஒண்ணாந்தேதி வந்துச்சு. மில் டிஸ்பென்சரி வாசல்ல தேர்த்திருவிழாக் கூட்டம். மூணு வாரமா இருமலை அடக்கி வச்சிருந்தவன், பல்லு வீங்கி வாயத் திறக்க முடியாதவன், கட்டியத் துணி கட்டி மறைச்சு வச்சிருந்தவன். அம்புட்டுப் பேரும் சங்கு ஊதுறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தாப்ல ஒரே நாள்ல சீக்காளி ஆயிட்டாக. கம்பவுண்டரு கலர் தண்ணி தீந்து போயி வெறும் தண்ணிய ஊத்துனாரு. நான் ஜன்னல்ல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அப்பத்தான் ஒரு மாட்டு வண்டி வந்து நின்னுச்சு. முன்னாடி பேச்சியோட தங்கச்சி ராக்கு. பின்னாடி வைக்கோல் மேல பேச்சி. கண்ணு ரெண்டும் உள்ள போயி, உதடு வெடிச்சு, எனக்கு அடையாளமே தெரியல.

"அண்ணே, ஒண்ணாந்தேதி ஆயிருச்சுல்ல? இப்பக் கட்டிலு கொடுப்பாகள்ல?"ன்னா ராக்கு.

"எத்தன நாளாடி காய்ச்சலு?"

"மூணு வாரமாச்சுண்ணே. அக்கா டோக்கன்ல நாந்தான் வாரேன், நீங்க பாக்கலையா? நாலு தடவ வண்டி பூட்டுனேன். அக்காதான் வேணாம்னுருச்சு. 'அண்ணே நோட்டீசு பாத்துச் சொல்லியிருக்காக. இப்பப் போனா பேரு போயிரும். ஒண்ணாந்தேதி வரட்டும்'னு."

மூணு வாரமா அவ டோக்கன் இருநூத்திப் பன்னெண்டுக்கு நான் பி போட்டிருக்கேன். ஒரு நாளு கூட முகத்தப் பாக்கல.

கம்பெனி சீட்டுல என் கையாலேயே எழுதிக் கொடுத்து அனுப்புனேன். அதுக்கப்புறம் நான் சிரிக்கல.

3. நூத்திப் பத்து பி

நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரில இருந்து காகிதம் வந்துச்சு. டைபாய்டு காய்ச்சல், வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஆபத்து தாண்டலன்னு. மானேஜர் என்னையக் கூப்பிட்டாரு. மேசை மேல அந்தக் காகிதமும் என் ரிஜிஸ்தரும்.

"சோமு, மூணு வாரமா காய்ச்சல்ங்கிறான் டாக்டர். உன் ரிஜிஸ்தர்ல ஒரு நாள் விடாம வேலை பாத்திருக்கா. எதுய்யா பொய்?"

"சார், அது தங்கச்சி வந்து..."

"தங்கச்சியெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த மூணு வாரத்துக்கும் பி-ய அடிச்சிட்டு ஏ போடு. எட்டு நாள் வரலன்னா பேரு தன்னால போச்சு. மில்லுல இல்லாதவளுக்கு மில்லு எதுக்குக் கட்டிலு கொடுக்கணும்? இவளுக்குக் கொடுத்தா நாளைக்கு நாப்பது பேரு வருவான். திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா."

எனக்குள்ள இருந்த வீரன் அப்பப் பாத்து ஊருக்குப் போயிருந்தான். "நாளைக்குக் காலைல தாரேன் சார்"னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

மில் கேட்டுக்குப் பக்கத்துல ராக்கு கஞ்சித் தூக்கோட ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி நின்னா. மறைக்க மனசு வரல. எல்லாத்தையும் சொன்னேன். "அன்னைக்கு நான் கேலிக்குச் சொன்னேன்டி, ராக்கு."

"கேலின்னு யாருண்ணே சொன்னாக? நோட்டீசப் பாத்துத்தான சொன்னீக?"

ராக்கு கஞ்சித் தூக்கக் கீழ வச்சா.

"சரி. அக்கா போன மாசம் மில்லுலயே இல்லங்குறாரா மானேஜரு? நானும் வரலங்குறாரா? அப்ப மூணு வாரம் நான் சுத்துன நூலு? அதத் திருப்பிக் கொடுத்துருவாராமா?"

தூக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ஆனா ஆஸ்பத்திரிக்கு நேரா போகல. ரீலிங் ஆளுக வெளிய வார வாசல்ல போயி நின்னத மட்டும் பாத்தேன்.

அடுத்து நடந்தது என் யோசனைன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். நான் அன்னைக்கு ராத்திரி யோசிச்சதெல்லாம் எனக்கு என்ன சீக்குன்னு சொல்லி லீவு போடலாம்ங்கிறதப் பத்தித்தான். திட்டந்தான் அமலுக்கு வந்துருச்சே!

காலைல பலகையில மொத டோக்கனு விழுந்துச்சு. இருநூத்திப் பன்னெண்டு. மாட்டுனது ராக்கு. மாட்டிட்டு உள்ள போகல. எதுத்தாப்ல வாகை மரத்தடில போயி உக்காந்தா. அவ பின்னாடி இன்னொருத்தி மாட்டுனா, அவளும் மரத்தடிக்குப் போனா. சங்கு ஊதுறதுக்குள்ள ரீலிங் ஆணி நூத்திப் பத்தும் நெறஞ்சு போச்சு. உள்ள ஒரு சிட்டம் சுத்தல. மரத்தடில வெத்தலை மடிக்கிறாக, பேன் பாக்குறாக.

மானேஜர் ஓடி வந்தாரு. "என்னய்யா இது? ரீலிங் ஏன் ஓடல?"

"டோக்கன் எல்லாம் வந்துருச்சு சார்."

"ஆளுக எங்க?"

மரத்தடில இருந்து ராக்கு குரலு கொடுத்தா. "ஆளு எதுக்கு சாமி? டோக்கன் போதும்னுதான இம்புட்டு நாளா சொன்னீக? அதுகளையே சுத்தச் சொல்லுங்க!"

இன்னொருத்தி, "எங்க டோக்கன் மூணு மாசப் பிள்ளைத்தாச்சி சாமி, மெதுவா வேலை வாங்குங்க"ன்னா. மரத்தடியே குலுங்குச்சு.

மானேஜர் மூஞ்சி செவந்து போச்சு. ஜன்னல்ல கைய விட்டு ரிஜிஸ்தரத் தட்டுனாரு. "எல்லாத்துக்கும் ஏ போடு. இப்பவே. அந்த மூணு வாரத்தையும் திருத்து. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

பேனாவ எடுத்தேன். மசியத் தொட்டேன். பலகையப் பாத்தேன். இருநூத்திப் பன்னெண்டு ஆணியில தொங்குது. பி போட்டேன். அடுத்தது, பி. அதுக்கடுத்தது, பி.

"என்னய்யா எழுதுற?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் சார். மொத நாளு. டோக்கன் வந்தா ஆளு வந்தாச்சு. மிஷின் ஓடுறப்ப டோக்கன்தான் ஆளுன்னா, காய்ச்சல் வாரப்பயும் அதான் ஆளு. போன மாசப் பக்கத்துல நான் கை வைக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க திருத்துங்க. உங்க கையெழுத்தாப் போடுங்க."

நூத்திப் பத்து பி. பயத்துல எல்லாம் சாஞ்சு சாஞ்சு, காத்துல படுத்த நெல்லுப் பயிர் மாதிரி. என் கையெழுத்த நம்பி வேலைக்கு எடுத்தவரு முன்னாடியே அம்புட்டு அசிங்கமா எழுதுனேன். ஆனா ஒண்ணு கூட விடல.

மத்தியானத்துக்குள்ள ஸ்பின்னிங்ல இருந்து வந்த நூலு மலையாக் குவிஞ்சு, இதுக்கு மேல வைக்க எடமில்லன்னு அந்த மிஷினும் நிக்கிற நெலம. ரெண்டு மணிக்கு மானேஜர் மரத்தடிக்கே வந்து, பேச்சிக்குக் கட்டிலும் உண்டு, பேரும் இருக்கும்னு சொன்னாரு. ராக்கு எந்திரிக்கல. "அத எழுதி அந்த நோட்டீசுக்குப் பக்கத்துல ஒட்டுங்க சாமி. அண்ணே வாசிக்கட்டும். இந்தத் தடவ கேலி இல்லாம."

வாசிச்சேன். சத்தமா, ஒரு வார்த்தை கூடக் கூட்டாம.

மறுநாளே என்னையப் பஞ்சு கிட்டங்கிக்கு மாத்திட்டாக. அங்க ஆணியும் இல்ல, டோக்கனும் இல்ல. பொதியா அடுக்குன பஞ்சும், மூட்டை தூக்குறவுகளும், நானும் தும்மலும்.

பேச்சி ரெண்டரை மாசம் கழிச்சு வந்தா. தலைமுடியெல்லாம் கொட்டி, முக்காடு போட்டுக்கிட்டு. காய்ச்சல்ல இடது காது போயிருச்சு. ரெண்டு வாரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காது பொழச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். அத ராக்குதான் சொன்னா, பேச்சி சொல்லல.

டோக்கன மாட்டிட்டு நேரா கிட்டங்கிக்கு வந்தா. "அண்ணே, நீங்க சொன்னாப்லயே ஒண்ணாந்தேதி வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். உங்களாலதான் பேரு நின்னுச்சு."

கேலியாச் சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பேன். நெசமாவே சொன்னா.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, பேச்சி"ன்னேன், மெதுவா. தலைய மறுபக்கம் திருப்பினா. "இந்தக் காதுப் பக்கம் வந்து சொல்லுங்கண்ணே, அந்தப் பக்கம் கேக்காது." சுத்திப் போயி நின்னு, கிட்டங்கியில மூட்டை தூக்குறவுக எல்லாருக்கும் கேக்குற மாதிரி, திரும்பவும் சொன்னேன்.

அதனால தம்பிகளா, தங்கச்சிகளா, திட்டம் எப்ப அமலுக்கு வருதுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க. காய்ச்சல் என்னைக்கு வருதோ அன்னைக்கே வண்டியப் பூட்டுங்க. தேதிக்கு அப்புறமா சண்ட போட்டுக்கலாம். வாகை மரம் அங்கேயேதான் நிக்குது. நானும் வாரேன்.