இரண்டு பேர் உட்காரும் கார்

மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓட்டுக் கட்டடம், நாலு கட்டில், வாரத்தில் ஒரு நாள் வந்துபோகும் டாக்டர், அவ்வளவுதான். அங்கேதான் அந்தக் கார் வந்து சேர்ந்தது.

கோயமுத்தூர்ப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் தானமாகக் கொடுத்தது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரன் ஒருவனிடம் அவருடைய மகன் ஆசைப்பட்டு வாங்கிய பந்தயக் கார். சிவப்பு நிறம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, கூரை கிடையாது, இரண்டே சீட்டு. இப்படி ஒரு வண்டி மெட்ராஸில்கூட இல்லை என்றார்கள். அந்த மகன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். வாசலில் வண்டியைப் பார்க்கப் பார்க்க அப்பனுக்குத் தாங்கவில்லை. ஏழைகள் உயிரையாவது காப்பாற்றட்டும் என்று எங்களுக்கு அனுப்பிவிட்டார். விற்கக் கூடாது, ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது என்று நிபந்தனை வேறு.

அவர் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் எரிச்சலாக இருந்தது. மேனேஜரிடம் போய், "இதுல நோயாளிய எங்கீங்க படுக்க வெக்கறது?" என்று கேட்டேன்.

"ஏம்மா, எவ்வளவு பெரிய மனுசரு மனசு வந்து குடுத்திருக்காரு! அதுக்கும் நொட்ட சொல்லோணுமா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். காருக்கு ஷெட் போட்டார். ஆயுத பூஜைக்கு மாலை போட்டுப் போட்டோவும் எடுத்து மாட்டினார்.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. மேலே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மூங்கிலில் கம்பளி கட்டி டோலியில் தூக்கி வருவார்கள். எப்போதும் எட்டுப் பேர் வருவது வழக்கம். நாலு பேர் மலை இறக்குவார்கள். கூடவே வெறுங்கையோடு இறங்கிவரும் மாற்றாள் நாலு பேர் அடிவாரத்தில் தோள் மாற்றி நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, வீட்டுக்கு ஓர் ஆள் தானாக வந்து நிற்பான். கார் வந்த செய்தி மிளகு வியாபாரிகள் வாய்வழியாக மலைமேல் குண்டூர் நாடு வரை ஏறிவிட்டது. கீழே கார் நிற்கிறதாம், ஏறி உட்கார்ந்தால் நாமக்கல்தானாம்.

சாமை அறுப்புச் சமயத்தில், ஒரு மத்தியானம், ஒரு டோலி வந்தது. பிரசவ வலி கண்ட சின்னப் பெண். குழந்தை குறுக்கே கிடந்தது, ரத்தம் போய்க்கொண்டிருந்தது. எங்களால் ஆகிற காரியம் இல்லை. டோலியோடு நாலே பேர்தான் வந்திருந்தார்கள்.

"மாத்தாளுங்க எங்கீங்க?" என்றேன்.

அவள் புருஷனும் ஒரு தோள் கொடுத்து வந்தவன். "அறுப்பு நேரமுங்க. அதான் கீழ காரு இருக்குதுங்களே, எதுக்கு அவிய பொழப்பக் கெடுக்கறதுன்னு நாங்களே வந்துட்டமுங்க" என்றான்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அன்று பக்கத்து ஊர்ச் சந்தை, ஊரில் ஒரு மாட்டு வண்டியோ தோள் கொடுக்க ஆளோ இல்லை. பஸ் போய்விட்டது. "நாங்களே தூக்கிட்டுப் போறமுங்க" என்று புருஷன் மூங்கிலைத் தோளில் வைத்தான். நாலு பேரும் எழுந்தார்கள். பத்தடி போவதற்குள் பின்னால் இருந்தவன் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் தோலுரிந்து கிடந்தது.

வேறு வழியில்லாமல் அவளைக் காரில் உட்காரவைத்தோம். உட்காரவைக்கக் கூடாத உடம்பு அது. சரியாமல் இருக்க என் பழைய சேலையால் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வா அக்கா" என்றாள். இன்னொரு சீட்டு டிரைவருக்கு. எனக்கு அதில் இடம் இல்லை. புருஷனுக்கும் இல்லை. அவன் புழுதிக்குள் காரின் பின்னாலேயே ஓடிப் போனான்.

பொழுது சாயும்போது கார் திரும்பி வந்தது. நான் கட்டிவிட்ட மாதிரியே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வழியெல்லாம் பேசிட்டேதானுங்க போனேன். வந்துருச்சு கண்ணு, வந்துருச்சு கண்ணுன்னு சொல்லிட்டே இருந்தேனுங்க. எந்த எடத்துல உசுரு போச்சுன்னே தெரியலீங்க" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

காருக்குப் பின்னாலேயே திரும்பி ஓடிவந்த புருஷனே முடிச்சுகளை அவிழ்த்தான். இவர்கள் நாலு பேரால் மலை ஏற முடியாது. மேலே சொல்லி அனுப்பி, மறுநாள் காலைவரை அவளை எங்கள் வராந்தாவில் கிடத்தியிருந்தோம். அவளைத் தூக்கிப்போக எட்டுப் பேர் வந்தார்கள்.

மகன் திதியன்று காரைப் பார்க்க முதலாளி வந்தார். காரைத் தடவிக்கொண்டே போனவர், சீட்டில் போகாமல் நின்ற கறையைப் பார்த்து என்னவென்று கேட்டார். மேனேஜர் கண் ஜாடை காட்டியும் நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

"எம் பையன் உக்காந்த சீட்டுங்க அது" என்றார்.

"அவளையும் ஒருத்தி பெத்து வளத்ததுதானுங்க" என்றேன்.

அந்தக் கறைமேல் கையை வைத்தார். பிறகு மேனேஜரிடம், "இனிமே இதுல யாரையும் ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மகனுக்காகச் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

காரை நம்பி வராதீர்கள் என்று வியாபாரிகளிடமே நான் மலைக்குச் சொல்லி அனுப்பினேன். மழைக்காலத்தில் அடுத்த டோலி எட்டுப் பேரோடு வந்தது. ஷெட்டுக்கு எதிரில்தான் தோள் மாற்றினார்கள். யாரும் காரின் பக்கம் திரும்பவில்லை. மாற்றாளாக வந்து முன் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தவன் அவளுடைய புருஷன்.