காட்டில் பாடிய பாட்டு

பிள்ளைகளே,

நீங்கள் கூடத்தில் கித்தாரை வைத்துக்கொண்டு அந்த வெள்ளைக்காரப் பாட்டுகளைச் சத்தமாகப் பாடும்போதெல்லாம் நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன் என்று உங்களுக்கு என்மேல் வருத்தம். "அப்பாவுக்கு ரோக் பாட்டுப் பிடிக்காதுலா, அவரு பழைய ஆளு" என்று சின்னவன் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. பிடிக்காமல் இல்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தத் தாளம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்துவதற்குக் காரணம் வேறு. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அப்போது நாங்கள் கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் முடியப்போகிற வருஷங்கள், ஆனால் முடியப்போகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் கேட்டைத் திறந்தால்தான் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போகலாம். போகும்போது பால் வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், காவல்காரர்கள் இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கை சோறோ ஒரு பொட்டலம் சீனியோ அகப்பட்டால் அது கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டு போவதாகத்தான் கணக்கு. அவர்கள் பெயரைக்கூட நாங்கள் சொல்வதில்லை. 'மேலே இருக்கிறவங்க' என்போம். மலை மேலே இருந்தார்கள், அதனால்.

வேலைக்குப் போனால் ஆளுக்கு ஒரு நிரை மரம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அடுத்த நிரைக்காரன் முகம் தெரியாது. அதனால் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு அடி பாடினால் முற்றிய மரங்கள் நின்ற பழைய காட்டிலிருந்து இன்னொருவர் அடுத்த அடியைப் பாடுவார், இளமரங்கள் நின்ற புதுக்காட்டிலிருந்து ஒரு அக்காள் சிரிப்பாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாராவது பதில் பாடாவிட்டால் கத்தி நின்றுவிடும், காது மட்டும் வேலை செய்யும்.

அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்தில்தான் வெள்ளைக்கார சோல்ஜர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒருநாள் பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போது அவர்கள் லோரியின் பின்பலகையில் ஒரு பாட்டுப்பெட்டியை வைத்துத் தட்டைச் சுழல விட்டார்கள். முதலில் கித்தார் தனியாக உறுமியது. அப்புறம் டிரம்ஸ் வந்து விழுந்தது பாருங்கள், என் கையில் வாளி இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார். "நடடா, பால் கட்டியாகுது!"

எனக்கு முன்னால் என் மச்சான் நின்றிருந்தார். உங்கள் பெரியத்தையின் புருஷன். மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறவர். அவர் விரல்கள் வாளியின் பக்கத்தில் தானாக அடித்துக்கொண்டிருந்தன.

"மாப்ளே, இது நம்ம அடிடா! வெள்ளைக்காரன் இதை எங்கடா கத்துக்கிட்டான்?"

அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் பால் நிறுக்கும் நேரம் திருவிழா நேரம் ஆகிவிட்டது. முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு சோல்ஜர் இருந்தான். அவன் சில நாள் பாட்டுப்பெட்டியை நிறுத்திவிட்டு, தன் கித்தாரை எடுத்து அவன் ஊர்ப் பாட்டைப் பாடுவான். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் வயலில் நாற்று நடுகிறவர்கள் இழுப்பார்களே, அந்த இழுப்பு அதில் இருந்தது. மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே, "இவனும் கூலிக்கு வந்தவன்தான்டா, பாவம்" என்றார்.

அவன் ஊருக்குப் போகும்போது கித்தாரை மச்சானிடமே கொடுத்துவிட்டுப் போனான். அதில் இரண்டு கம்பி இல்லை. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து மச்சான் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் உட்கார்ந்து, அந்த ரோக் தாளத்தில் நம் தெம்மாங்கைப் போட்டு அடித்தார். கிழவர்கள், "கொரங்கு கொல்லையில பூந்த மாதிரி இருக்குடா" என்று கிண்டல் பண்ணினார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. பெண்கள் கை தட்டினார்கள். நானும் அவரும் உட்கார்ந்து வார்த்தை கட்டினோம்:

பழைய காடு பால் சொரியும்
புதுக் காடு பொய் சொல்லும்
தொப்பி ஒண்ணு நடந்து வருது
தொரை எங்கே காணலியே!

எங்கள் துரை, தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர், குட்டை. தொப்பி பெரிசு. ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்க அந்தப் பாட்டுத்தான். காலையில் மச்சான் முதல் இரண்டு அடியைப் பாடுவார், எல்லா நிரையிலிருந்தும் தொப்பி நடந்து வரும்.

அப்போதுதான் மேலே இருக்கிறவங்க தோட்டத்துச் சாலையில் ஒரு லோரியைச் சுட்டுவிட்டார்கள். மறுநாள் எல்லாரையும் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு போலீஸ் ஆபீசர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். பட்டணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, நல்ல படித்த தமிழ். காலையில் யாரோ பாட்டுப் பாடிக் குறிப்புக் கொடுப்பதாகப் புதிதாக வந்த காவல்காரன் சொல்லியிருக்கிறான். மச்சானுக்கு அடுத்து நான் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

"எங்கே பாடுவாய்?"

"காட்டுலதாங்க."

"காட்டிலா? யாருக்காக?"

"காட்டுல இருக்கிற ஆளுங்களுக்குத்தாங்க. நம்ம ஆளுங்க."

"அவர்கள் கேட்பார்களா?"

மச்சான் சிரித்துக்கொண்டே, "கேக்கிறதா? திருப்பிப் பாடுவாங்களே!" என்றார்.

அந்தத் தமிழர் ஆபீசரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஆபீசர் நிமிர்ந்து பார்த்தான். மச்சானின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதற்குள் இரண்டு பேர் அவர் கையைப் பின்னால் இழுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் போய்க் கித்தாரைக் கொண்டுவந்து, அங்கேயே துப்பாக்கிக் கட்டையால் பிளந்து உள்ளே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் லோரி மச்சானை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

முன்னே பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை இப்படிப் பிடித்துப் போய்க் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மச்சான் இந்த மண்ணில் பிறந்தவர், இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. என் அக்காள் அப்போது மாசமாக இருந்தாள். அவள் அழவில்லை. என்னை அடுப்படியில் உட்கார வைத்தாள்.

"அவரு என்னடா சொன்னாரு? நீ சொல்றதைச் சொல்லாதே. அவரு வாயால சொன்னதைச் சொல்லு."

சொன்னேன்.

"காடுன்னா சொன்னாரு?"

"ஆமாக்கா. காட்டுல பாடுறேன்னுதான்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவி! பட்டணத்து ஆளுக்குக் காடுன்னா எதுடா? நம்ம மரமா? அவரு மேலே இருக்கிறவங்களுக்குப் பாடுறேன்னு எழுதிட்டுப் போயிட்டாண்டா!"

நாங்கள் பிறந்ததிலிருந்து பால்மரம் வெட்டப் போவதற்குப் பெயர் காட்டுக்குப் போவது. வேறு சொல் எங்களிடம் இல்லை.

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் ஓடினேன். அவர் நல்ல மனுஷன், ஆனால் கதவைப் பாதிதான் திறந்தார். "தம்பி, நான் பேசினா என்னையும் சேர்த்துப் பிடிப்பாங்க. துரைகிட்ட போ. அவருக்குத் தெரியும் அந்தச் சொல்லு." அது உண்மை. துரை தோட்டத்தில் தமிழ் கற்றவர். மரியாதை, பன்மை ஒன்றும் வராது. தினமும் காலையில் எங்களைக் கேட்பதே, "நீ எந்தக் காடு?" என்றுதான்.

ஆபீஸ் படியில் நின்று சொன்னேன். துரை கடைசி வரை கேட்டார். பிறகு சாவியை எடுத்தார். "லோரியில் ஏறு."

குவாலா குபு போலீஸ் ஸ்டேஷனில் துரையும் ஆபீசரும் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார்கள். பிறகு அந்தத் தமிழர் என் பக்கம் திரும்பினார். அவர் நெற்றியில் வேர்வை.

"அப்படியானால் புலி இருக்கிற காட்டை என்னவென்று சொல்வீர்கள்?"

"அதை மலைன்னு சொல்லுவோங்க."

அவர் அதை ஆபீசரிடம் சொன்னார். ஆபீசர் தலையை ஆட்டவில்லை. பாட்டைப் பாடச் சொல்லு, முழுவதும், ஒரு சொல் விடாமல், என்றான்.

பிள்ளைகளே, அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். துரை என் பக்கத்தில் நிற்கிறார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. மூன்றாவது அடி வருகிறது. விட்டுவிட்டால், தோட்டம் முழுக்கப் பாடுகிற அடி அது, நாளைக்கு வேறொருவன் பாடிக் காட்டுவான், என்னத்தையோ மறைத்தேன் என்று ஆகும், மச்சான் கப்பல்தான். பாடினால் துரை கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார், அப்போதும் கப்பல்தான். அந்தத் தமிழர்தான் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

பாடினேன். தொப்பி நடந்து வந்தது. துரையைக் காணவில்லை.

அந்தத் தமிழர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை மொழிபெயர்க்க அவருக்கு வாய் வரவில்லை. துரையின் காது சிவந்திருந்தது.

"யார் கட்டின பாட்டு?"

"எல்லாரும் சேர்ந்துங்க தொரை."

"நான் அவ்வளவு குட்டையா?"

துரை ஆபீசரிடம் திரும்பி, தானே அந்த அடியை இங்கிலீஷில் சொன்னார். தொப்பியைத் தலையில் வைத்தும் காட்டினார். ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வெளியே வந்து லோரியில் ஏறும்போது துரை சிரிக்கவில்லை. "இனிமே என் காட்டில் பாட்டு வேண்டாம். குரலும் வேண்டாம். கேட்டா, தோட்டத்தை விட்டுப் போ" என்றார்.

மச்சானை உடனே விடவில்லை. விசாரிக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு லோரி சத்தத்துக்கும் அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். கடைசியில் அவர் லோரியில் வரவில்லை, சாலையிலிருந்து நடந்தே வந்தார், தாடியோடு. என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. பிளந்த கித்தாரைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அக்காள் சோறு போட்டாள். சாப்பிட்டார். மறுநாள் வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். கேட்டில் காவல்காரன், "எங்கே?" என்று கேட்டதற்கு, வேலி தாண்டி இருந்த மரங்களைக் கையால் காட்டினார்.

அன்றிலிருந்து காலையில் நிரைகளுக்குள் சத்தமே இல்லை. கத்தி பட்டையில் கீறுவது மட்டும் கேட்கும். பக்கத்து நிரையில் மச்சான் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை. உங்கள் பாட்டு வீதிக்குப் போகும்போது ஜன்னலைச் சாத்துகிறேன் என்றால், அந்தப் பயம்தான் சாத்துகிறது. பாட்டை நிறுத்தாதீர்கள். எனக்கு அது வேண்டும்.

அவர் திரும்பி வந்து சில நாள் கழித்து, என் நிரையின் கடைசி மரத்துக்குப் போனேன். வேலி ஓரம், யாரும் இல்லை. கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். இனி யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதபடி, காடு வருகிற இடத்தில் தோட்டம் என்று மாற்றிப் போட்டேன். பழைய தோட்டம் பால் சொரியும். தாளத்தில் உட்காரவில்லை, இடித்தது. தொடையில் தட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பாடினேன்.