உப்பென்று துப்பிய தண்ணீர்

முல்லைத்தீவுப் பக்கம் காணி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீரைத்தான். விலை பிறகு. ஒரு வளவில் இளநீர் மாதிரி ஊறும். வேலிக்கு அப்பால் வாயில் வைக்க இயலாது. மூன்று பிள்ளைகளோடு வாடகை அறையில் இடிபட்டுக்கொண்டிருந்த நாங்கள், தண்ணீரூற்று ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வெறும் வளவை விலை பேசினோம். விற்கிறவர் பக்கத்து வளவுக்காரர். காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு போட்ட உடன்படிக்கை இதுதான்: எங்கள் செலவில் கிணறு வெட்டுவது, தண்ணீர் குடிக்க உதவினால் அவர் உறுதிப் பத்திரம் முடித்துத் தருவது, உதவாவிட்டால் பேச்சு முறிந்தது, காணியும் கிணறும் அவருக்கே.

சித்திரை வெயிலில் என் கணவர் வெட்டினார், நான் மண் சுமந்தேன். ஊற்றுத் தெளிந்த அன்று முதல் வாளியை நான்தான் குடித்தேன். கற்கண்டு.

பத்து நாள் போவதற்குள் யாழ்ப்பாணத்தார் ஒருவர் அதே காணியைக் கூடின விலைக்குக் கேட்டுவிட்டார். காணி விற்கிற நம்முடைய மனிதர் வந்தார், ஒரு கை அள்ளினார், துப்பினார். உப்பாம். விற்கிறவர் தன் காணியைப் பழிக்க, வாங்குகிறவள் நின்று புகழ்ந்த கூத்தை அன்றைக்குத்தான் கண்டேன். புகழ்ந்தவள் நான்.

கணவர் போய் நொத்தாரிசைக் கிணற்றடிக்கே கூட்டி வந்தார். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, தன் வெற்றிலை வாய்க்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று கையை விரித்தார்.

அந்த நேரம் பார்த்து வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் குடத்தோடு வந்தார் விற்கிறவரின் மனைவி. நடக்கிற கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. தன் பாட்டுக்கு எங்கள் கிணற்றில் வாளியை இறக்கினார்.

“பிள்ளை, இந்தத் தண்ணி என்னத்துக்கு?” என்றார் நொத்தாரிசு.

“உலை வைக்க, ஐயா. எங்கடை கிணத்துத் தண்ணியிலை பருப்பு அவியாது. ஒரு கிழமையா இதிலைதான் சமையல்.”

புருஷன்காரர் தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நொத்தாரிசு சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“தண்ணி பிழைச்சால் காணி உமக்கு எண்டுதான் எழுதினனான். நல்ல தண்ணியைப் பிழையெண்டு சொல்லித் தப்பலாமெண்டு நான் எழுதேல்லை. வழக்குப் போட்டால் இதைத்தான் கோட்டிலையும் சொல்லுவினம். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்தை வையும்.”

வைத்தார். உறுதி முடிந்த மத்தியானம் எல்லை காட்ட வந்த பழைய காணிக்காரருக்கு வெயில் தாங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் கிணற்றில் அள்ளி, செம்பு வழிய வழியக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். “எப்பிடி அண்ணை, உப்புப் போதுமோ?” என்று கேட்க வாய் துடித்தது. கேட்காமல் இருந்ததுதான் நான் அந்தக் காணிக்குக் கொடுத்த பெரிய விலை.