லோஜினி எழுதிய எதிர்மனு

லோஜினியைப் பற்றி யாராவது "கெட்டிக்காரப் பிள்ளை" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் அவளை எங்காவது ஓர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர்கள். நானும் போனவள்தான். அதனால் கோபத்தில் பாதி என் மேலேயே விழும்.

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எனக்கு இரண்டாம் மாடி, அவர்களுக்கு மூன்றாம் மாடி. லோஜினியின் அப்பா பேனாட்டும் அம்மா கிளியும் மட்டக்களப்பிலிருந்து 1996இல் வந்தவர்கள். அவருக்கு மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை, கிளிக்குத் தையல் வேலை. இரண்டு இடத்திலும் பாதிப் பேர் தமிழர்கள். லோஜினி ஒரே பிள்ளை, வந்தபோது ஆறு வயது.

வந்த வருடமே தாயும் தகப்பனும் பிரெஞ்சு வகுப்புக்குப் போனார்கள். மூன்று வாரம் போனார்கள். அதற்குள் மின்சாரக்காரன் ஒருவன் வந்து கதவைத் தட்ட, லோஜினி போய்க் கதைத்து, மீட்டர் இருக்கும் இடத்தைக் காட்டி, "மெர்சி" சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தக் கதையைப் பேனாட் பத்து வருடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். வகுப்பு அதோடு நின்றது.

"அதான் புள்ள இரிக்காளே," என்றாள் கிளி.

பிள்ளை இருந்தாள். வாடகைப் பத்திரம், வரிக் கடிதம், பல் டாக்டர், மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் கடித உறையோடு வரிசையில் நிற்கும் ஊரார் என்று எல்லாவற்றுக்கும் இருந்தாள். நான் ஜான்-டலோன் சந்தையில் பன்னிரண்டு வருடம் மரக்கறி அடுக்கியவள். பிரெஞ்சு என் காதுக்குள் போகும், வாயால் வராது. வாடகை வாங்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரன் குழாயைத் திருத்தாமல் இழுத்தடித்தபோது நானும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆத்திரத்தில் "உன்ர தலையில இடி விழ" என்று தமிழில் திட்டினேன். அந்தப் பிள்ளை அதையும் அப்படியே அவனுக்குச் சொன்னது. அதை ஏனடி சொன்னாய் என்று கேட்டால், "நீங்க சொன்னீங்கதானே அன்ரி," என்கிறாள். அவள் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அப்படி ஒரு பிறவி.

அவளுக்குப் பதினொரு வயதில் நடந்ததைச் சொன்னால் மற்றது விளங்கும். கிளிக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கான் செய்து பார்த்த டாக்டர், கூட வேறு பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். பேனாட் வேலையில். அரை மணி நேரம் பொறுத்தால் தமிழ் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடிக்கலாம் என்றிருக்கிறார். கிளி பொறுக்கவில்லை. "என்னவாம், சொல்லு புள்ள," என்று மகளின் கையைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். தம்பிக்கு நெஞ்சு துடிக்கவில்லை என்று லோஜினி சொன்னாள்.

அன்று பின்னேரம் என் வீட்டில் இருந்து சோறு சாப்பிட்டவள், பாதியில் நிறுத்திவிட்டு, "நான் வேற மாதிரிச் சொல்லியிருக்கலாமா அன்ரி?" என்று கேட்டாள். சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

2006 ஆனியில் அவளுக்கு அரசாங்க விஞ்ஞானப் பரீட்சை. ஆய்வுகூட வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஏன் அது என்று கேட்டதற்கு, "அங்க குழாயையும் கண்ணாடியையும் பாத்துக்கொண்டு இருக்கலாம், ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்ல," என்றாள். பதினாறு வயதுப் பிள்ளையின் ஆசை அது. பரீட்சை அன்று காலையிலேயே பேனாட்டின் முதுகு நோவைப் பார்க்க ஒரு பெரிய டாக்டர் நேரம் கொடுத்திருந்தார். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம்.

"சோதினை பேந்தும் எழுதலாம். டொக்டர் பேந்து கிடைக்கமாட்டார்," என்றார் பேனாட்.

அவள் டாக்டரிடம் போனாள். பரீட்சை போயிற்று. அந்த ஒரு வருடத்தில் அவள் பள்ளிக்கூடம் போகாத நாட்கள் முப்பத்துநாலு. ஒன்றிலும் அவளுக்குக் காய்ச்சல் இல்லை.

குழாய் விவகாரத்துக்காக நாங்கள் போயிருந்த இலவச சட்ட உதவிக் கந்தோரில்தான் அவளுடைய கண்ணில் ஒரு துண்டுப் பிரசுரம் பட்டிருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரியும். இந்த மாகாணச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். பதினெட்டு ஆகாத பிள்ளை நீதிபதியிடம் கேட்கலாம். அவர் சம்மதித்தால் தாய் தகப்பனின் அதிகாரம் நீங்கி, பிள்ளை தன்பாட்டில் வேறு வீட்டில் இருக்கலாம். புரோசார்டில் அவளுடைய வியட்நாம் சிநேகிதியின் வீட்டில் ஓர் அறை தர அந்தத் தாய் சம்மதித்திருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் தூரம். லோஜினி அந்தக் கந்தோருக்குத் தனியாகப் போய், ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, மனுவும் எழுதிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து சாட்சி சொல்லக் கேட்டாள்.

"எத்தினை தரம் என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்க எண்டு மட்டும் சொல்லுங்க அன்ரி. வேற ஒண்டும் வேணாம்."

எனக்கு முதலில் தாய் தகப்பன் பக்கம்தான் மனம் போனது. கோர்ட்டா? பெற்றவர்களுக்கு எதிராகவா? இரண்டு கிழமை எங்கேயாவது போயிருந்தால் தானாக அடங்கிவிடுவார்களே என்றேன்.

"போனா பொலிசுக்குப் போவாங்க. அங்க அவங்களுக்கு ஆர் கதைக்கிறது? பொலிஸ் என்னைத்தான் தேடிப் பிடிச்சு அப்பாவுக்குச் சொல்லச் சொல்லும்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் இந்தப் பிள்ளைக்கு ஓடிப் போகக்கூட வழியில்லை என்று எனக்கு உறைத்தது. சாட்சி சொல்கிறேன் என்றேன்.

ஐப்பசியில் கோர்ட் ஆள் கடிதத்தைக் கொண்டுவந்து பேனாட்டின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் போஞ்சிக்காய் கொடுக்க மேலே போனபோது அது மேசையில் உடைக்கப்படாமல் கிடந்தது. பிரெஞ்சுக் கடிதம் எது வந்தாலும் அந்த வீட்டில் உடைக்க மாட்டார்கள், பிள்ளை வரட்டும் என்று வைத்துவிடுவார்கள். எனக்கு அது என்னவென்று தெரியும். எழுந்து போயிருக்கலாம். அங்கேயே இருந்துவிட்டேன்.

லோஜினி வந்தாள். உறையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு அனுப்பச் சொல்லிச் சட்டத்தரணியிடம் கேட்டிருந்தாளாம், நடக்கவில்லை. பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உடைத்து வாசிக்கத் தொடங்கினாள்.

"மனு போடுறவர், லோஜினி பேனாட், வயது பதினாறு..."

"இதாரு, எங்கட புள்ளட பேரிலயே ஒருத்தி?" என்றார் பேனாட்.

"நான்தான் அப்பா."

நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னாள். தன்னைப் பெற்றோர் பிள்ளையாக அல்ல, வேலையாளாக வைத்திருக்கிறார்கள் என்று ஓர் இடம் வந்தது. அதிலாவது கொஞ்சம் விழுங்குவாள் என்று பார்த்தேன். விழுங்கவில்லை. கிளி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேனாட் சுவரைப் பார்த்தபடி இருந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு, "இதுக்குப் பதில் எழுதலாமா?" என்று கேட்டார்.

"ஓம். பத்து நாளுக்குள்ள எழுதலாம்."

"அப்ப எழுது."

லோஜினி பையை இறக்கி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பேனாட், உங்களுக்கு என்ன விசரா? அவள் போட்ட வழக்குக்கு அவளே எதிர்மனு எழுதுறதா?"

அவர் என்னை உண்மையான குழப்பத்தோடு பார்த்தார். "வேற ஆரு எழுதுறது?" என்றார். அதில் ஒரு கள்ளமும் இல்லை. மனிதர் கேட்டது சத்தியமாக விளங்காமல் கேட்டதுதான்.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நாங்கள் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. கிளிக்குத் தை மாதம் ஒப்பரேசன் இருக்கிறது, இவள் இல்லாமல் டாக்டரோடு கதைக்க முடியாது. இவள் போனால் வீட்டுக்கு வரும் கடிதத்தில் நெருப்பென்று இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது. ஓர் இடத்தில் லோஜினி பேனாவை நிறுத்தி, "இப்பிடி எழுதினா அவங்களுக்குச் சரியா விளங்காது அப்பா. வேற மாதிரி எழுதட்டா?" என்று கேட்டு, அந்த வரியைத் திருத்தி எழுதினாள். இன்னும் பலமாக. தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளே தபாலில் போட்டாள்.

"கொஞ்சம் பிழையா எழுதியிருந்தா என்னடி? ஆருக்குத் தெரியப் போகுது?" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.

"அது களவு அன்ரி," என்றாள். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

மார்கழியில் வழக்கு. சின்ன அறை, நீதிபதி ஒரு நரைத்த மனிதர், குரல் உயர்த்தாதவர். பேனாட்டுக்கும் எனக்குமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கோர்ட் பிடித்திருந்தது. சென்னைக்காரர், கழுத்துப்பட்டி கட்டி, மரியாதையாகப் பேசினார். நான் என் கணக்கைச் சொன்னேன். ஒன்பது தரம். குழாய்க்கு நாலு, மருந்துச் சீட்டுக்கு மூன்று, மற்றது மறந்துவிட்டது, அதுவும் என் பிழைதான் என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். லோஜினியின் சட்டத்தரணி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். காரியம் நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு பேனாட்டை எழுப்பி, என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"ஐயா, வந்த முதல் பனிக்காலம் மெட்ரோவுக்குள்ள வழி தெரியாம ரெண்டு மணித்தியாலம் நிண்டன். கையில இந்தப் புள்ள. ஆறு வயசு. ஒரு மனிசியிட்டப் போய் என்னமோ கேட்டு, என்னைக் கையப் பிடிச்சு வீட்ட கூட்டிக்கொண்டு வந்தவள். அண்டைக்கிருந்து எனக்குப் பயம். இந்த ஊர்ல நான் வாயத் திறந்தா ஆக்கள் சிரிக்கிறாங்க, புள்ள திறந்தா நிண்டு கேக்கிறாங்க. நான் கெட்ட தகப்பன் எண்டு அதில எழுதியிரிக்கு. இரிக்கலாம். ஆனா அவ போனா, நான் இந்த ஊர்ல ஆள் இல்ல ஐயா."

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதை இரண்டே வசனத்தில் முடித்தார். தகப்பன் மகளுடைய உதவியில் தங்கியிருக்கிறார், மனுவுக்குச் சம்மதிக்கவில்லை. எனக்கே அவ்வளவு விளங்கியது.

லோஜினி எழுந்துவிட்டாள். சட்டத்தரணி அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார். நான் பின்னால் இருந்து, "இரு பிள்ளை, இரு," என்றேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"மன்னிக்க வேண்டும். அவர் சொன்னது அதுமட்டும் இல்லை," என்று பிரெஞ்சில் தொடங்கினாள். மெட்ரோவைச் சொன்னாள். இரண்டு மணித்தியாலத்தைச் சொன்னாள். தகப்பனின் வாயாக நின்று, "என் மகள் கையைப் பிடித்து என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்," என்று தன்னையே யாரோபோலச் சொன்னாள். அவர் எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தினாள். அவருக்குக் குரல் உடைந்த இடத்தில் அவளுக்கும் உடைந்தது. கடைசி வரியைச் சொல்லி முடித்தபோது கோர்ட்டில் பேசுவதையெல்லாம் பதிந்து எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"மட்மொசெல், நீங்கள் இப்போது யாருக்காகப் பேசுகிறீர்கள்?"

லோஜினி வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. யார் எதைக் கேட்டாலும் இரண்டு மொழியில் பதில் வைத்திருக்கும் பிள்ளை, தன்னைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு சொல் இல்லாமல் நின்றது. நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு. மனு தள்ளுபடி. பிள்ளைக்கு ஆபத்து எதுவும் தெரியவில்லை, பெற்றோர்மேல் அவளுக்கு இருக்கும் பாசத்தை நீதிமன்றம் நேரிலேயே கண்டது, பதினெட்டு வயதாக இன்னும் பதினைந்து மாதம்தான் இருக்கிறது, பெற்றோர் மொழி வகுப்புக்குப் போவது நல்லது. அவ்வளவும் நிதானமாக, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொழிபெயர்ப்பாளர் இடைவேளையோடு தன் நேரம் முடிந்து போய்விட்டிருந்தார். வெளியே தாழ்வாரத்தில் பேனாட்டும் கிளியும் ஒன்றும் விளங்காமல் நின்றார்கள். லோஜினி குளிர்ச் சட்டையில் ஒரு கையை மட்டும் விட்டபடி வந்தாள்.

"என்ன புள்ள முடிவு?" என்று கேட்டார் பேனாட்.

"நீங்க வெண்டிட்டீங்க அப்பா."

கிளி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பேனாட் பள்ளிக்கூடப் பையன்போல, "நான் நல்லாக் கதைச்சனா?" என்று மகளைக் கேட்டார்.

"ஓம் அப்பா," என்றாள் லோஜினி. "நல்லாக் கதைச்சீங்க."