அம்மா ஆடும் அணி

ஜெயபுரத்துக்குக் கலியாணம் கட்டிப் போன தங்கச்சி, புதுக் கணினி வாங்கியதும் முதலில் தேடியது எங்கள் பழைய கிரிக்கெட் விளையாட்டைத்தான்.

"அக்கா, இணையக் கடையில அதைக் காணேல்லை. எடுத்துப்போட்டாங்கள்!" என்று தொலைபேசியில் கத்தினாள்.

காரணத்தைத் தேடி வாசித்தேன். விளையாட்டில் ஒரு பழுதும் இல்லை. உண்மையான வீரர்களின் பெயர்களையும் சட்டைகளையும் பயன்படுத்த, விளையாட்டைச் செய்த நிறுவனம் சில வருடங்களுக்குத்தான் அனுமதி எடுத்திருந்ததாம். தவணை முடிந்துவிட்டது. பழைய விளையாட்டுக்காக அதைப் புதுப்பிக்க மனமில்லாமல், முழுவதையும் விற்பனையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

எனக்கு விசர்க் கோபம்தான் வந்தது. அந்தப் பெயர்களை நாங்கள் எப்போதோ அழித்துவிட்டோமே! விளையாட்டை வாங்கிய முதல் வாரமே, இந்தப் புதுக்குடியிருப்பு வீட்டில் இருந்தபடியே, பதினொரு பேரையும் மாற்றி எங்கள் குடும்பத்துப் பெண்களின் பெயர்களைப் போட்டோம். சின்னம்மா வேகப்பந்து வீசுவார். மாமி விக்கெட் காப்பாளர். அம்மாதான் தொடக்க ஆட்டக்காரி. திரையில் அவர் முகத்தில் தாடி இருக்கும், அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

முன்பே வாங்கியவர்களிடமிருந்து அவர்கள் எதையும் பிடுங்கவில்லை. என் கணினியில் அது இன்னும் ஓடுகிறது.

"நீ வெளிக்கிட்டு வா. இஞ்ச இருந்து விளையாடுவம்" என்று தங்கச்சியைத் திரும்ப அழைத்துச் சொன்னேன்.

கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப என்னையும் எடுத்துப்போட்டாங்களோ?"

"உங்களை எடுக்க அவங்கள் ஆர்? உங்கட பேரை நாங்கள் ஒருத்தரிட்டயும் வாடகைக்கு வாங்கேல்லை. நீங்கள் இறங்கி அடியுங்கோ!"