பன்னிரண்டு தலைகள், ஒரே அளவு

ஃபிளக்ஸ் தொழிலில் எழுத்துப் பிழையை மன்னித்துவிடுவார்கள். தலையின் அளவில் பிழை வந்தால் மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். எல்லாம் முடித்து மிஷினில் ஏற்றிய பிறகு, 'மேடம், மாமா போட்டோ விட்டுப் போச்சு' என்று வரும் வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காம்ப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில் பதினான்கு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். டிசைன் நான் செய்கிறேன். மிஷினைப் பார்த்துக்கொள்வது காதர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிட நூறு மடங்கு பொறுமைசாலி. காம்ப்ளெக்ஸ் சேர்மனுடையது. எதற்குச் சேர்மன் என்று கேட்காதீர்கள். கல்லூரி, ஆஸ்பத்திரி, கல்குவாரி, கல்யாண மண்டபம், எல்லாவற்றுக்கும் அவர்தான். என் கடையில் பாதி வேலை அவருடைய ஆர்டர். கடை இருக்கும் இடமும் அவருடையது. வாடகை அக்ரிமெண்ட் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே பதினோரு மாதத்துக்கு ஒரு முறை என் முதுகெலும்பும் கொஞ்சம் வளையும்.

ஸ்கேலோடு வந்தவர்

சேர்மனின் மேனேஜர் சந்தானம் கடைக்கு வரும்போது கையில் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். பேனரில் அமைச்சர் தலை நாலடி, சேர்மன் தலை மூணே முக்கால், எம்.எல்.ஏ. மூணடி, கவுன்சிலர்கள் எல்லாம் அடியில் பொட்டு வைத்த மாதிரி வரிசையாக. இது அவர் வகுத்த சட்டம். கம்ப்யூட்டர் திரையிலேயே ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துத்தான் சரி சொல்வார்.

ஒரு முறை எம்.எல்.ஏ. தலை சேர்மன் தலையைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். எம்.எல்.ஏ.வுக்குச் சுருட்டை முடி, சேர்மனுக்கு வழுக்கை. நான் என்ன செய்ய? கடைசியில் முடியை விட்டுவிட்டு, தாடையிலிருந்து நெற்றி வரை அளப்பது என்று சமாதானம் ஆனோம். சேர்மன் தலையை அமைச்சர் தலைக்குச் சமமாகவே போட்டுவிடலாமே, இவ்வளவு செய்கிறாரே என்று எரிச்சலில் கேட்டேன். சந்தானம் ஸ்கேலைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "அவர் கொடுக்கிற டொனேஷனுக்கு அஞ்சடியே போடலாம் மேடம். ஆனா அமைச்சருக்குச் சமமாப் போட்டா, அடுத்த டெண்டர்ல நம்ம தலையே இருக்காது."

இரண்டு வெற்றி

தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணுவதற்கு நாலு நாள் முன்னால் சந்தானம் ஒரே நேரத்தில் இரண்டு ஆர்டர் கொடுத்தார். இரண்டிலும் அதே வாசகம்: 'மகத்தான வெற்றி பெற்ற அண்ணனுக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.' இரண்டிலும் அதே சேர்மன், அதே கும்பிடு. அண்ணன் மட்டும் வேறு வேறு. நானும் காதர் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எண்ணிக்கை அன்று மத்தியானத்துக்குள் ஒரு பேனர் ஏறிவிட்டது. முதல் வாழ்த்து சேர்மனுடையது என்று ஊரே வியந்தது.

இன்னொன்று கடை மூலையில் சுருண்டு கிடந்தது. லால்குடிப் பக்கத்து விவசாயி சொக்கலிங்கம் ஐயா அவ்வப்போது வந்து பழைய பேனர்களை வாங்கிப் போவார். அறுவடை நேரத்தில் களத்தில் விரித்து நெல் காயப்போட அதைவிட நல்ல விரிப்பு கிடையாது. படம் தெரியாமல் கவிழ்த்துப் போடுவார். தோற்ற அண்ணனை அவரிடம் கொடுத்தபோது, இரண்டு விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "ஜெயிச்சவங்க பேனரெல்லாம் வெயில்ல காஞ்சு கிழிஞ்சு போயிடுதும்மா. தோத்தவங்களுதுதான் ரெண்டு போகம் தாங்குது."

நீர்மோர்ப் பந்தல்

சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கத்தில் சேர்மன் சார்பில் நீர்மோர்ப் பந்தல். பந்தல் பத்தடி, பேனர் இருபதடி. அளவைக் கேட்டபோதே சொல்லிப் பார்த்தேன். சந்தானம் காதில் வாங்கவில்லை. கட்டியவர்கள் பந்தலின் முகப்பிலேயே இழுத்துக் கட்டிவிட்டார்கள். மோர்ப் பானையும், அதை ஊற்றிக் கொடுக்கும் இரண்டு பேரும் சேர்மனின் கும்பிட்ட கைகளுக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

நான் சரிபார்க்கப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நாமம் போட்ட ஒரு பெரியவர் பேனரை இப்படியும் அப்படியும் சுற்றி வந்து, எதிர்க் கடை நிழலில் நின்றிருந்த என்னிடமே கேட்டார்: "மோர் கொடுத்தவர் யாருன்னு நன்னாத் தெரியறது. மோர் எங்கே இருக்குன்னுதான் தெரியலை. உங்களுக்குத் தெரியுமோ?"

உயிரோடு இரங்கல்

இது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். சேர்மனின் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலமானார். 'ஆழ்ந்த இரங்கல்' பேனர் அவசரம் என்று பெயரை மட்டும் அனுப்பினார் சந்தானம். பழைய ஃபைலில் அதே பெயரில் ஒரு படம் இருந்தது. எடுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, அடித்துக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெயரில் அந்தப் பள்ளியில் இரண்டு பேர் வேலை பார்த்தது எனக்கு எப்படித் தெரியும்?

சாயந்திரம் படத்தில் இருந்தவரே திருவானைக்காவலிலிருந்து டவுன் பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார். காதர் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, என் சார்பில் நாலு முறை மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து கடையில் ஒரு விதி வைத்தேன். பேனரில் யார் பெயர் வந்தாலும் அவருக்கோ அவர் வீட்டுக்கோ போன் பண்ணிக் கேட்காமல் மிஷினில் ஏற்றுவதில்லை. அந்த மனிதர் திட்டவே இல்லை, டீயைக் குடித்து முடித்துவிட்டு இவ்வளவுதான் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அதைப் பாக்க நான் இருந்திருக்கக் கூடாது."

பன்னிரண்டு பெயர்

போன வருடம், என் அக்ரிமெண்ட் முடிகிற மாதத்தில், ஒரு வியாழக்கிழமை சந்தானம் புது ஆர்டர் கொண்டுவந்தார். லால்குடிப் பக்கம் சேர்மன் இன்னொரு கல்லூரி கட்டப்போகிறார், அதற்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூமி பூஜைக்கு அமைச்சர் வருகிறார். வாசகம் இது: 'எங்கள் ஊர் வாய்க்காலை மூடிச் சாலை அமைத்துத் தரும் சேர்மன் அவர்களுக்கு நன்றியுடன், ஊர் விவசாயிகள்.' கீழே பன்னிரண்டு பெயர். படம் இல்லை, போன் நம்பர் இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தது என்று அவரே சொன்னார். அமைச்சர் பார்வைக்கு ஊரே சம்மதித்த மாதிரி இருக்க வேண்டுமாம்.

ஐந்தாவது பெயர் சொக்கலிங்கம். சந்தானம் போனதும் விதிப்படி போனை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஊரைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. இன்னொரு இரங்கல் பேனர் ஆகிவிடக் கூடாதே என்றுதான். "ஐயா, ஒரு போட்டோ அனுப்புங்க, நன்றி பேனர்ல போடணும்" என்றேன். "நன்றியா? யாருக்கு?" என்றார். வாசகத்தைப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அந்த ஒரு வாய்க்கால்லதான் எங்க அறுபது ஏக்கருக்கும் தண்ணி. அதை மூடறவருக்கு நாங்களே நன்றி சொல்றோமா?"

ஆர்டர்னா ஆர்டர்

மறுநாள் சந்தானத்திடம், கேட்காமல் பெயர் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்கேலை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, "அக்ரிமெண்ட் இந்த மாசந்தானே மேடம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. பதினான்கு வருடக் கடை. அந்த மிஷினைக் கழற்றி இன்னோர் இடத்தில் பூட்டுவது என்ன லேசா? உறையூரில் ஒரு இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, பயத்தில் அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு வேனில் பன்னிரண்டு பேரும் வந்து இறங்கினார்கள், ஆளுக்கொரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு. சொக்கலிங்கம் ஐயா வாசகம் சொன்னார்: 'எங்கள் வாய்க்காலை மூட வேண்டாம். நாங்கள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.' யார் தலையைப் பெரிதாகப் போடுவது என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே அளவு என்றார்கள். பதினான்கு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்ததே இல்லை.

டிசைன் முடிந்தது. பேனரின் அடியில் கடைப் பெயர் பொடி எழுத்தில் போடுவது வழக்கம். அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. போடாமல் விட்டால் யார் அடித்தது என்று தெரியாது. மாடியில் சேர்மன் ஆபீஸ், கீழே நான். காதர் பாய் மிஷின் பக்கத்தில் நின்றபடி சொன்னார்: "ரெண்டு அண்ணனுக்கும் வெற்றின்னு அடிச்சப்ப பேரு போட்டோம்ல? அந்தப் பொய்க்கே போட்டோம், இதுக்குப் போடறதுக்கென்னம்மா?"

ஞாயிற்றுக்கிழமை

பூமி பூஜைக்கு நான் போகவில்லை. ஞாயிறு பூசைக்குச் சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்; பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. காதர் பாய்தான் வண்டியை எடுத்துக்கொண்டு, "சும்மா பாத்துட்டு வரேன்" என்று போனார். பூமி பூஜைப் பந்தலுக்குப் பக்கத்தில் சந்தானம் வேறு கடையில் அடித்த நன்றி பேனர் இருந்ததாம். அதை ஒட்டியே எங்கள் பேனர். இங்கேயும் அதே பன்னிரண்டு பெயர், அங்கேயும் அதே பன்னிரண்டு பெயர். எங்கள் பேனருக்குக் கீழே அந்தப் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், கோஷம் போடாமல்.

அமைச்சர் காரை விட்டு இறங்கி இரண்டையும் படித்தாராம். பிறகு அண்ணாந்து படங்களைப் பார்த்தாராம், குனிந்து ஆட்களைப் பார்த்தாராம். உள்ளாட்சித் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பேனர் விஷயத்தில் அவருக்கு இல்லாத அனுபவமா! சேர்மன் தோளில் கையைப் போட்டு அவர் சொன்னதைக் காதர் பாய் மூச்சு வாங்க அப்படியே வந்து ஒப்பித்தார்: "பேரை யாரு வேணா போடலாங்க. போட்டோவோட வந்து நிக்கிறவங்களைத்தான் நான் நம்புவேன். வாய்க்காலை விட்டுட்டு அதுமேல ஒரு பாலம் கட்டிக்குங்களேன்."

சேர்மன் கீழே இறங்கி வந்தார்

வாய்க்கால் பிழைத்தது. நான் பிழைப்பேனா என்பதுதான் திங்கட்கிழமைக் கேள்வி. காலையிலேயே பழைய ஃபைல்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். பதினொரு மணிக்குச் சேர்மனே மாடியிலிருந்து இறங்கி வந்தார். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக எத்தனையோ முறை நான் போட்ட தலை. நேரில் பார்த்தால் சாதாரண அளவுதான். "அந்தப் பேனர் நீங்க அடிச்சதா? கீழே பேர் பாத்தேன்" என்றார். "ஆமா சார், ஆர்டர் கொடுத்தாங்க" என்றேன். "அப்ப அந்தப் பன்னெண்டு பேர் போட்டோவும் உங்ககிட்ட இருக்குமே?"

இருக்கிறது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வாசகம் சொன்னார்: 'வாய்க்காலைக் காத்த வள்ளலே, நன்றி.' மேலே அவர் படம், கீழே அந்தப் பன்னிரண்டு பேர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் சார் போடுவேன்" என்றேன். சந்தானம் பின்னால் நின்று ஸ்கேலை இறுக்கிப் பிடித்தார். சேர்மன் என்னையும் அட்டைப்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசல்படி இறங்கும்போது சொன்னார்: "கேளுங்க. கேட்டுட்டே போடுங்க. இப்படிக் கேட்டுட்டுப் போடற ஒரு ஆள் கீழே இருக்கறது தெரிஞ்சிருந்தா, நேத்து அமைச்சர் முன்னாடி நான் அப்படி நின்னிருக்க வேண்டாம். அக்ரிமெண்ட்டை மத்தியானம் மாடிக்குக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

நன்றிக்கு அனுமதி

அட்டைப்பெட்டியைப் பிரித்து ஃபைல்களைத் திரும்ப அடுக்கினோம். காதர் பாய் எதிர்க்கடையில் பிரியாணி வாங்கி வந்தார். நாலு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு லால்குடிக்குப் போன் போட்டு வாசகத்தைப் படித்தேன். சொக்கலிங்கம் ஐயா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. முதலில் பாலம், பிறகுதான் படம் என்றார். அப்படியே சேர்மனிடம் சொன்னேன். உள்ளாட்சித் தேர்தலுக்குள் அமைச்சர் பார்வைக்குப் பேனர் ஏற வேண்டுமே, பாலம் மளமளவென்று எழும்பிவிட்டது. தண்ணீர் அதன் அடியில் போவதை ஐயா வீடியோ எடுத்து அனுப்பினார். அதற்கப்புறம் பன்னிரண்டு பேரும் சம்மதம் சொன்னார்கள். அவர்கள் தரப்பில் ஒரே ஒரு நிபந்தனை, அதையும் ஐயாவே சொன்னார்: "வள்ளல்னு என்ன வேணா போட்டுக்கச் சொல்லும்மா, தண்ணி வருதுல்ல. ஆனா நல்ல கெட்டி ஷீட்ல அடி. அவுத்ததும் எங்க களத்துக்கு ஆகும்."

ஆக, என் சக பாவிகளே, பதினான்கு வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: பெரிய மனிதர் தலையை அவர் கேட்கிற அளவுக்குப் போட்டுக் கொடுங்கள், ஆனால் அடுத்தவர் நன்றியை மட்டும் போன் பண்ணாமல் அடிக்காதீர்கள்.